ஆட்சேபம் நிலுவையில் உள்ளது

ஞாயிறு சாயங்காலம் அந்த வீட்டில் போனை யாரும் தொடுவதில்லை. சார்ஜ் முழுக்க ஏற்றி, சாப்பாட்டு மேசையில் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்திருப்பார்கள். கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் அப்பா அப்போதுதான் கூப்பிடுவான். அங்கே சிக்னல் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். சில வாரம் முகம் தெரியும், சில வாரம் குரல் மட்டும் வரும். சில வாரம் திரையில் உறைந்துபோன ஒரு மூக்குதான் மிஞ்சும். மகள் சிட்டு அந்த மூக்கோடும் பேசுவாள்.

"அப்பா, உங்க மூக்கு நின்னுபோச்சு."

"மூக்குதானே நின்னுது, மூச்சு நிக்கலையே? நீ பேசு."

அவள் பள்ளிக்கூடக் கதை முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை அம்மா சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றுகொண்டிருப்பாள். கடைசியில் மிஞ்சுகிற கொஞ்ச நேரம்தான் அவளுக்கு. அதில் அவன் தவறாமல் கேட்பான்: "மாத்திரைக்காரி, உங்க மாத்திரை என்னாச்சு?"

சிட்டு எழுதப் பழகிய வயதில் அவள் எழுத்து திடீரென்று கோணலாகப் போக ஆரம்பித்தது. கை நடுங்கியது. டீச்சர் திட்டினார், பிறகு டீச்சரே பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். சாப்பாட்டில் எல்லாருக்கும் கொஞ்சம் செம்பு சேரும், எல்லார் உடம்பும் அதை வெளியே தள்ளிவிடும், சிட்டுவின் உடம்பு மட்டும் அதைப் பத்திரமாகச் சேர்த்து வைக்கிறது என்றார் டாக்டர். முதலில் ஈரலில், விட்டால் மூளையில். "தினமும் மருந்து சாப்பிட்டா மத்த குழந்தைங்க மாதிரியே இருப்பா. ஆனா ஆயுசுக்கும் சாப்பிடணும்." முதல் வாக்கியத்தைக் கேட்டு அம்மா அழுதாள். இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டு அப்பா யோசிக்க ஆரம்பித்தான்.

அந்த மருந்தை ஒரே ஒரு கம்பெனிதான் செய்தது. விலையைக் கேட்டதும் மருந்துக்கடைக்காரரே குரலைத் தாழ்த்திக்கொண்டார். அப்போது அவனுக்கு இரண்டு தெரு தள்ளி மோட்டார் ரிப்பேர் பட்டறை இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, நாற்காலியிலேயே கண்ணை மூடிவிட்டுத் திரும்பிப் போகிற ஆள். கடல் வேலைக்குப் போனால் குடும்பத்தின் மருந்துச் செலவு முழுவதையும் நிறுவனமே பார்த்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னார்கள். அந்த மாதமே பட்டறை ஷட்டரை இழுத்து மூடினான். வருடத்துக்கு ஒரு தடவைதான் விடுமுறை.

"ரெண்டு மூணு வருஷம்தானே? அதுக்குள்ள உங்க கம்பெனி இதையே செஞ்சிடும்ல?" என்று கிளம்பும்போது கேட்டான்.

"செஞ்சிடும்," என்றாள் அவள்.

அது ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை இல்லை. கண்டுபிடித்த கம்பெனியின் காப்புரிமைக்காலம் முடிந்த மருந்துகளை அதே சரக்கில் மலிவாகச் செய்து விற்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. புது மாத்திரைக்கு மருந்து அனுமதி அலுவலகத்தின் சம்மதம் வாங்குவதற்கான சோதனை முடிவுகளைத் தொகுத்து, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதும் பிரிவு அவளுடையது. சிட்டுவின் மருந்துக்கு உரிமைக்காலம் முடியப்போகிறது என்று தெரிந்ததும் கம்பெனி அந்த மருந்தைக் கையில் எடுத்தது. மகளுக்கு இந்த நோய் இருக்கிறது என்று மேனேஜரிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள். "நல்லதாப் போச்சு. உங்களைவிட அக்கறையா யாரு பாக்கப்போறா?" என்று சொல்லி ஃபைலை அவளிடமே கொடுத்தார்.

அக்கறைக்குக் குறைவில்லை. பக்கத்து மேசையில் ஒருவர் இருந்தார், எல்லாரும் அவரைக் கமா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆயிரம் பக்கத்தில் விட்டுப்போன ஒரு காற்புள்ளியைத் தேடிப் பிடித்த நாளிலிருந்து அந்தப் பெயர். அவரும் அவளும் சேர்ந்து அனுப்பிய ஃபைலில் அனுமதி அலுவலகம் பெரிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பரிசீலனை முடிந்து கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்று தகவல் வந்த வாரம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று கணவனிடம் சொன்னாள். மேடையில் இருந்தவர்களுக்கெல்லாம் அவன் டீ வாங்கிக் கொடுத்தானாம்.

அடுத்த வாரம் வந்தது ஆட்சேபம். அசல் மருந்தைச் செய்யும் கம்பெனி அனுமதி அலுவலகத்தில் கொடுத்திருந்தது. ஈரக்காற்று உள்ள இடங்களில் இந்தப் புது மாத்திரை நாள்பட்டால் சரியாகக் கரையாது, ஆகவே அனுமதிக்கக்கூடாது என்பது அதன் சாரம்.

"பரிசீலனை நடந்த நாளெல்லாம் வாயைத் தொறக்கலை. பேனா மூடியைக் கழட்டின உடனே தொறக்குது பாருங்க," என்றார் கமா.

யார் ஆட்சேபம் கொடுத்தாலும் சரி, அதற்கு முழுப் பதில் எழுதி முடிக்கும்வரை ஃபைலைத் தொடக்கூடாது என்பது அலுவலகத்தின் விதி. கம்பெனியில் எல்லாரும் வாய் வலிக்கத் திட்டினார்கள். அவளும் திட்டிக்கொண்டேதான் சோதனைக்கூடத்துக்குப் போனாள். ஈரமும் சூடும் உள்ள அறையில் மாதக்கணக்கில் வைத்திருந்த மாத்திரைகளை எடுத்து, உடம்புச் சூட்டில் இருந்த நீரில் போட்டார்கள். கண்ணாடிப் பாத்திரத்துக்குள் துடுப்பு சுற்றியது. அப்போதுதான் செய்த மாத்திரை போட்ட பாத்திரம் சீக்கிரமே கலங்கியது. ஈர அறையில் இருந்த மாத்திரை போட்ட பாத்திரத்தின் அடியில் அது கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடந்தது. மேல்பூச்சு ஈரத்தில் இறுகிப்போயிருந்தது.

திரும்பத் திரும்பச் செய்தார்கள். கல் கல்லாகவே இருந்தது.

இதை அவள் சிட்டுவுக்குக் கொடுத்திருப்பாள். தன் கையால், தண்ணீரும் எடுத்துக் கொடுத்து, நிம்மதியாகக் கொடுத்திருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் முகம் தெளிவாகத் தெரிந்தது. இன்றைக்குப் பார்த்து உறைந்துபோகக்கூடாதா என்று நினைத்துக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னாள். அவன் கொஞ்ச நேரம் காது மடலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"சரி. ஒப்பந்தத்துல நாளைக்கே மறுபடி கையெழுத்துப் போட்டுடறேன்."

"என்னங்க…"

"அட, அழாத. மெதுவாக் கரையற மாத்திரையவிட மெதுவா வர்ற அப்பா மேல்."

மேல்பூச்சை மாற்றினார்கள். இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு வைத்த அட்டைக்கு மாறினார்கள். எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து செய்து ஃபைலை மறுபடி அனுப்புவதற்குள் ஒன்றரை வருடம் போய்விட்டது. அதில் அவளுக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை.

கோபம் பிறகு வந்தது. அலுவலகம் மறுபடியும் கையெழுத்துப் போடும் நேரத்தில் இரண்டாவது ஆட்சேபம் வந்தது. புது மாத்திரையின் நிறம் வெளிர் மஞ்சள், அசலின் நிறம் வெள்ளை, நோயாளிகள் குழம்பிப்போவார்கள் என்றது. அதற்குப் பதில் எழுதி முடிந்து, ஃபைல் திறந்து, மறுபடி பேனாவை எடுக்கும்போது மூன்றாவது வந்தது. மாத்திரையைப் பாதியாக உடைக்க நடுவில் உள்ள கோட்டின் ஆழம் போதாது என்றது. மாத்திரையின் நிறமும் கோடும் முதல் நாளிலிருந்தே எல்லாருக்கும் தெரிந்தவை. கேட்க நினைத்திருந்தால் அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

அலுவலகத்தின் இணையதளத்தில் அந்த மருந்தின் எதிரே ஒரே ஒரு வரி இருக்கும்: ஆட்சேபம் நிலுவையில் உள்ளது. காலையில் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும்வரை அவள் அதைத் திறந்து பார்ப்பாள். மாறியிருக்காது. மாறியிருக்காது என்று தெரிந்தும் மறுநாள் பார்ப்பாள். பஸ்ஸில் போகும்போது யாராவது புருஷன் தோளில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவனுடைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் வைத்திருந்தாள். அதில் கிரீஸ் வாடை போய் வெகுநாள் ஆகியிருந்தது, இப்போது அலமாரி வாடைதான். ஆனாலும் துவைக்கவில்லை.

சிட்டுவுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்பது அப்பாவின் பொறுப்பு என்று பேச்சு. ஒவ்வொரு விடுமுறைக்கும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. ஒரு தடவை மழை, ஒரு தடவை அவளுக்கு அம்மை. நடுவில் எதிர்வீட்டுப் பெண்ணோடு சேர்ந்து அவளே கற்றுக்கொண்டுவிட்டாள். தெருமுனை வரை காற்றாய்ப் பறந்துவிட்டு வந்தவளிடம், "அப்பாகிட்ட சொல்லட்டுமா?" என்று அம்மா கேட்டாள்.

"வேண்டாம்மா. எனக்கு இன்னும் தெரியாது."

அடுத்த விடுமுறையில் அவன் வந்ததும் இறங்கிய கையோடு சைக்கிளுக்குக் காற்றடித்தான். சிட்டு ஏறி உட்கார்ந்து ஹேண்டிலை வேண்டுமென்றே ஆட்டினாள். "ஐயோ அப்பா, விடாதீங்க, விடாதீங்க!" அவன் சீட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கப் பின்னாலேயே ஓடினான். திருப்பத்தில் எதிரே ஒரு வேன் வந்தது. சிட்டு தன்னை மறந்து அழகாகப் பிரேக் பிடித்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, அது போனதும் லாகவமாக மிதித்துக் கிளம்பினாள். மாடிப்படியில் நின்றிருந்த அம்மா, அவன் கை சீட்டிலிருந்து நழுவுவதைப் பார்த்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஒரு நொடி நின்றான். பிறகு வேகமாக ஓடிப்போய்ச் சீட்டை மறுபடி பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து, நான் இருக்கேன்," என்று கத்திக்கொண்டே தெரு முழுக்க ஓடினான்.

அவன் திரும்பிப் போன பிறகு அனுமதி அலுவலகம் ஓர் அறிவிப்பு விட்டது. ஆட்சேப விதியை மாற்றலாமா என்று பொதுக் கேட்பு வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். மேனேஜர் அவளைத் தன்னோடு வந்து பேசச் சொன்னார். பேச வேண்டியதைத் தானே எழுதியும் கொடுத்தார். எல்லா ஆட்சேபமும் வெறும் இழுத்தடிப்பு, ஒன்றில்கூட உண்மை இல்லை, ஆகவே ஆட்சேபம் என்பதையே எடுத்துவிட வேண்டும் என்று இருந்தது.

"சார், முதல் ஆட்சேபம்…"

"அதை ஏன் இப்போ இழுக்கறீங்க? அதான் சரி பண்ணியாச்சே. மகளைப் பத்தியும் பேச வேண்டாம். அனுதாபம் தேடற மாதிரி ஆயிடும்."

கேட்பு நடந்த அறையில் நாற்காலிகள் நெருக்கமாகப் போட்டிருந்தன. ஏசி இருந்தது, குளிர்தான் இல்லை. நடுவில் தலைமை அதிகாரி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பேசுகிறவர் முகத்தையே பார்க்கும் அம்மாள். அசல் கம்பெனிக்காக ஒரு பெண் வக்கீல் பேசினார். நிதானமான குரல். கேள்வி கேட்பது நோயாளியின் பாதுகாப்புக்குத்தான், ஒரு கேள்வியை மூடினால் ஓர் ஆபத்தை மூடி மறைப்பதாகும் என்றார். பலர் தலையாட்டினார்கள்.

அவள் முறை வந்தது. மேனேஜர் எழுதிக்கொடுத்ததை வாசிக்கத் தொடங்கினாள். இரண்டாவது வரியிலேயே தலைமை அதிகாரி குறுக்கிட்டார்.

"ஒரு நிமிஷம். ஒண்ணுலகூட உண்மை இல்லைன்னு சொல்றீங்க. பத்து ஆட்சேபத்துல ஒண்ணு நிஜமான ஆபத்தைச் சொல்லுதுன்னு வைங்க. அதை நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் கிடந்த மாத்திரைதான் கண்முன் வந்தது. காகிதத்தை மேசைமேல் வைத்தாள்.

"இருக்குங்க மேடம். எங்க ஃபைல்லயே இருக்கு. முதல் ஆட்சேபம் சரியான ஆட்சேபம். எங்க மாத்திரை ஈரத்துல கரையலை. நானே சோதிச்சுப் பாத்தேன். அவங்க கேக்கலைன்னா அது அப்படியே கடைக்குப் போயிருக்கும்."

அறையில் நாற்காலிகள் அசைந்தன. மேனேஜர் இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை. வக்கீல் மெல்ல எழுந்தார்.

"அப்போ நாங்க சொல்றதைத்தானே நீங்களும் சொல்றீங்க? ஆட்சேபம் வேணும்னு?"

"ஆட்சேபம் வேணும். காத்திருக்க வைக்கறதுதான் வேண்டாம்," என்றாள். "கேள்வி ஒரு பக்கம் போகட்டும், ஃபைல் ஒரு பக்கம் போகட்டும். ஆபத்துன்னு அலுவலகத்துக்கே தோணுச்சுன்னா அன்னைக்கே நிறுத்துங்க. கேள்வி வந்துச்சுங்கறதுக்காக மட்டும் நிறுத்தாதீங்க. அப்புறம், இந்த விஷயம் தனக்கு என்னைக்குத் தெரியும்னு கேக்கறவங்க சத்தியம் பண்ணி எழுதித் தரணும். எங்க மாத்திரை மஞ்சள் நிறம்னு முதல் நாளே ஊருக்கெல்லாம் தெரியும். அதைக் கடைசி வாரத்துல வந்து கேட்டா, அது நோயாளிக்காகக் கேட்ட கேள்வியா?"

"உங்களுக்கு இதுல தனிப்பட்ட அக்கறை ஏதாவது உண்டா?" வக்கீல் கேட்டார். குரலில் குத்தல் இல்லை, தொழில் இருந்தது.

"உண்டுங்க. என் மகளுக்கு இந்த மருந்துதான். அதனாலதான் முதல் ஆட்சேபத்துக்கு உங்களுக்கு நன்றி சொல்றேன். அடுத்த ரெண்டுக்கும் சொல்ல முடியலை. அந்த ரெண்டும் முடியறதுக்குள்ள என் பொண்ணு என் தோளுக்கு வளந்துட்டா. அவ அப்பா அதைப் பாக்கலை."

தலைமை அதிகாரி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு ஏதோ எழுதினார். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

காரில் திரும்பும்போது மேனேஜர் சிக்னலுக்குச் சிக்னல் பெருமூச்சு விட்டார். கடைசியில், "நம்ம மாத்திரை கரையலைன்னு நாமளே மைக்ல சொல்லணுமா?" என்றார்.

"கரையாததைச் சரி பண்ணோம்னுதான் சார் சொன்னேன்."

"பேப்பர்காரன் பாதியைத்தான் போடுவான்."

பாதியைத்தான் போட்டார்கள். மொத்த வியாபாரிகள் போன் போட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். மறு வாரம் ஃபைல் கமாவின் மேசைக்குப் போனது. அவளை இருமல் மருந்துப் பிரிவுக்கு மாற்றினார்கள். மாடியின் மறுகோடி. ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர். எந்த ஃபைலுக்காக வருடங்களைக் கொடுத்தாளோ அதைத் தொடும் உரிமைகூட இல்லாமல் போனது.

"நான் சொன்னது தப்பாங்க?" என்று அந்த ஞாயிறு கேட்டாள். குரல் மட்டும்தான் வந்தது அன்றைக்கு.

"நீ சொல்லாம விட்டிருந்தா என்கிட்ட என்ன கேட்டிருப்ப?"

கடல் காற்று போனில் உஸ்ஸென்று அடித்துக்கொண்டிருந்தது. அவன் மூச்சு எது, காற்று எது என்று பிரிக்க முடியாமல் இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விதி மாறியது. ஆரவாரமில்லாமல், இணையதளத்தில் ஒரு மூலையில் வெளியானது. ஆட்சேபம் தனியாகப் பரிசீலிக்கப்படும், அது வந்ததாலேயே ஃபைல் நிற்காது, கொடுப்பவர் தனக்கு விஷயம் தெரிந்த தேதியை உறுதிமொழியோடு சொல்ல வேண்டும். ஆட்சேபத்தை ஒழிக்க வேண்டும் என்றவர்களுக்கும் திருப்தி இல்லை, அப்படியே விட வேண்டும் என்றவர்களுக்கும் இல்லை. அசல் கம்பெனி நான்காவதாக ஒன்றைக் கொடுக்கத்தான் செய்தது. பெட்டியின் எழுத்து அளவு பற்றி. அது ஒரு மேசையில் இருக்க, ஃபைல் பாட்டுக்கு அடுத்த மேசைக்கு நகர்ந்தது.

ஒரு மதியம் கமா மாடியின் மறுகோடிக்கு வந்தார். படியேறிய மூச்சு வாங்கியது. அவள் மேசை முனையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"காற்புள்ளி இல்லம்மா. முற்றுப்புள்ளி. கையெழுத்து ஆயிடுச்சு."

அவள் எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். ஜெனரேட்டர் சத்தத்தில் கமா வேறு என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டது மட்டும் தெரிந்தது.

மேடைக்கு நடுவாரத்தில் போன் போகாது. ஞாயிறு வரை யாரிடமும் சொல்லவில்லை, சிட்டுவிடம்கூட. முதலில் அவன் கேட்க வேண்டும். வீட்டில் பாத்திரம் கழுவும்போது தானாகச் சிரிப்பு வந்தது. "என்னம்மா ஆச்சு உனக்கு?" என்று சிட்டு கேட்டதற்கு இருமல் மருந்துமேல் பழியைப் போட்டாள்.

ஞாயிறு வந்தது. போன் அடித்தது. முகம் தெரிந்தது. "வந்துடுச்சுங்க!" என்றாள். அந்த நொடியில் படம் உறைந்தது. பாதி மூடிய கண், திறந்த வாய். கேட்டானா இல்லையா என்று தெரியாமல் அவளும் சிட்டுவும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிட்டுதான் முதலில் புரிந்துகொண்டு அம்மாவின் கையைப் பிடித்தாள். பிறகு படம் இல்லாமல் குரல் வந்தது.

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள்.

"இன்னொரு தடவை."

மாத்திரை கடைக்கு வந்து, ஒப்பந்தம் முடிந்து, அவன் வீட்டுக்கு வந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. ஒரே ஒரு பெட்டிதான் கொண்டுவந்தான். கடலில் எஞ்சின் இரைச்சலில் பேசிப் பேசி, வீட்டுக்குள்ளும் உரக்கப் பேசினான். பெரிய கட்டிலில் ஓரமாக, ஒரு ஆள் அகலத்துக்கு மட்டும் படுத்தான். எழுந்ததும் போர்வையைச் செங்கல் மாதிரி மடித்து வைத்தான். "டம்ளர் எங்க இருக்கு?" என்று கேட்டான். சிட்டு எழுந்து எடுத்துக் கொடுத்தாள். விருந்தாளிக்குக் கொடுப்பது போல, கீழே ஒரு தட்டும் வைத்து.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது முடிவெட்டும் கடை. வேறு இடம் பார்க்க அவளும் அவனும் சனிக்கிழமை மதியம் நடந்துவிட்டு வந்தார்கள். வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். தோளோடு தோள் உரசியது. இத்தனை வருடம் ஏங்கியது இதற்குத்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நெஞ்சுக்குள் அந்த ஏக்கம் போகவில்லை, பழகிய இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான், வழக்கத்தைவிட மெதுவாக. "சிட்டு எப்போ இவ்வளவு வளந்தா? ஒரே அடியாவா, கொஞ்சம் கொஞ்சமாவா?"

சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். எந்தச் சட்டை எப்போது சின்னதானது, குரல் எப்போது மாறியது, கதவைச் சாத்திக்கொண்டு படிக்க எப்போது ஆரம்பித்தாள்? யோசித்தாள். நிற ஆட்சேபம் வந்தது ஞாபகம் இருந்தது, கோடு பற்றிய ஆட்சேபம் வந்தது ஞாபகம் இருந்தது. சிட்டு ஞாபகத்தில் இல்லை.

"எனக்கும் சரியாத் தெரியலைங்க. நான் இங்கதான் இருந்தேன். ஆனா கண்ணு ஃபைல் மேலயே இருந்திருக்கு."

அவள் கையை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டான். கீழே தெருவில் யாரோ காரைப் பின்னால் எடுக்கத் திணறிக்கொண்டிருந்தார்கள். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளேயிருந்து சிட்டுவின் குரல் வந்தது. "யாராவது கொஞ்சம் வாங்களேன், இந்த அலமாரிக் கதவு மாட்டிக்கிச்சு!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.